வலது பக்கம் உட்கார்ந்த கேப்டன்

விமானம் ஓட்டுகிறவனுக்கு வானத்தில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் பூமியில் நின்று சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்வதிலேயே போய்விடும். வீட்டார் ஊருக்குச் சொல்லி வைத்த வேலை ஒன்று, தாங்கள் பார்க்கும் வேலை வேறொன்று என்று அல்லாடும் அன்பர்களே, நாமெல்லாம் ஒரே ரகம். என் பங்குக்குப் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

பேனரில் இருப்பவர்

அப்பா லோரி டிரைவர். பேராக் மாநிலத்தில், பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் சொந்த லோரி ஒன்று வைத்திருந்தார். என்னைப் பைலட் பள்ளியில் சேர்ப்பதற்காக அதை விற்றுவிட்டு, வேறொருவர் லோரியில் சம்பளத்துக்கு ஓட்டப் போனார். "நீ ஓட்டுற பிளேன்லதான் மொத மொதல்ல ஏறுவேன். அதுவரைக்கும் எவன் கூப்புட்டாலும் ஏற மாட்டேன்லா" என்று அன்றைக்கே சபதமும் போட்டுவிட்டார்.

லைசென்ஸ் வந்தது, வேலை வரவில்லை. நான் படித்து முடித்த நேரம் பார்த்து உலகத்தில் உள்ள விமானங்களெல்லாம் நோய்க்குப் பயந்து தரையில் படுத்துக்கொண்டன. நான், நாங்கள் குடிவந்திருந்த குனோங் ராபாட்டில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டுப்பாடு தளர்ந்து அங்கே கோயில் திருவிழா வந்தபோது அப்பாவின் கூட்டாளிகள் கோயில் வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். அதில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் சிரிக்கிறேன், பெயருக்கு முன்னால் 'கேப்டன்'. அன்று மத்தியானம் கோயில் பொருளாளர் கோழிச் சோறு ஆர்டர் செய்தார். கொண்டுபோய் நின்ற ஆள் நான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொடுத்துவிட்டு ஓடப் பார்த்தேன், ஹெல்மெட்டின் கண்ணாடி மூடி தானாக மேலே ஏறிக்கொண்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார், அண்ணாந்து பேனரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ கேப்டனோட தம்பியா? அப்படியே அண்ணன் மாரியே இருக்க. அவரு மாரி நீயும் ஒழுங்கா படிச்சிருக்கலாம்லா!"

மானம் போச்சு

விமானங்கள் மறுபடி எழுந்த பிறகு சுபாங்கில் ஒரு சின்ன விமான நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் வயதான சீனக் கேப்டன். பறக்காத காலத்தில் என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். போக்குவரத்துத் துறையில் இருந்தேன் என்றேன். என்ன போக்குவரத்து என்றார். தரைவழி என்றேன். எதை ஏற்றிப் போனாய் என்றார். மனிதர் விடுவதாக இல்லை. கோழிச் சோறு, மீ கோரேங், சில வேளை ஐஸ் மைலோ என்று உண்மையைச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு "மானம் போச்சு" என்று வாய்க்குள் முணுமுணுத்தேன்.

அவர் பீடோரில் தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பேனாவை மூடி வைத்துவிட்டு நல்ல தமிழில் கேட்டார்:

"மானம் போனா போவுது தம்பி, சோறு ஆறாம போச்சா?"

கீப்பாஸ்

வேலை கிடைத்தது. எங்கள் விமானம் இறக்கையில் காற்றாடி சுற்றும் ரகம். அது எவ்வளவு கெட்டிக்கார விமானம், எவ்வளவு குட்டையான ஓடுபாதையிலும் இறங்கும் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேச நான் தயார். கேட்கத்தான் ஆள் கிடையாது. காற்றாடியைக் கண்டதும் ஜனங்களின் முகம் வாடிவிடும். கட்டிக்கொடுத்த மாப்பிள்ளைக்குக் கார் இல்லை என்று தெரிந்த மாமியார் முகம் மாதிரி இருக்கும்.

ஒருநாள் கீழே நின்று சக்கரங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலை கட்டிய ஓர் அக்கா ஏணியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மலாய்க்காரர்கள் மின்விசிறியைக் கீப்பாஸ் என்பார்கள்; பேராக்கில் தமிழர்களுக்கும் அது கீப்பாஸ்தான். அக்கா இறக்கையைப் பார்த்து, என்னையும் பார்த்து, பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஏன் தம்பி, கீப்பாஸ வெளிய மாட்டி வச்சிருக்கீங்க, அப்ப உள்ள ஏர்கான் இல்லயா?"

வலது பக்கம்

விமானி அறையில் எடுத்த ஒரு படத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அப்பா அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டியிருக்கிறார். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது மறுபடி எடுத்தார். "பாருங்க, எம் மவன் வலது பக்கம். ஸ்டேரிங் இவன் கையிலதான். இடது பக்கம் உக்காந்திருக்காரே பெரியவரு, அவருதான் கெலிண்டான்."

லோரியில் டிரைவர் வலது பக்கம். இடது பக்கம் உட்கார்ந்து கதவு சாத்துவது, டயர் பார்ப்பது, பின்னால் நின்று "கோஸ்தான், கோஸ்தான்" என்று கத்தி வண்டியைப் பின்னுக்கு எடுக்க வைப்பது கெலிண்டான். விமானத்தில் கேப்டன் இடது பக்கம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. நான் சும்மா இருந்திருக்கலாம். வந்திருந்தவர்களில் ஒருவன் விவரமானவன். அவன் சிரிப்பதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர்தான் கேப்டன், நான் துணை விமானி, ரேடியோவில் பேசுவேன், சக்கரம் மடக்குவேன், இறங்கி டயர் பார்ப்பேன், அவர் விட்டால் ஓட்டவும் செய்வேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீதான் கெலிண்டானா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூடமே சிரித்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "கெலிண்டான் வேலைக்கா இவ்வளோ படிச்சேன்? நாலு பேரு முன்னால மரியாதையா பேசுங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா என் பக்கம் திரும்பாமல் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்:

"சீனி வியாதியில அவருக்குக் கண்ணு மங்கிருச்சுடா. லைசென்ஸ் போயி, இப்ப அவரே கெலிண்டானாத்தான் போறாரு. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னாரு."

நெசமில்லாத பிளேன்

அதற்குப் பிறகு அப்பா என்னிடம் நன்றாகத்தான் பேசினார். சாப்பிட்டாயா என்பார், மழையா என்பார். என் விமானத்தில் ஏறுவதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. நானே டிக்கெட் எடுக்கிறேன் என்றபோது, "எதுக்குலா, வேல இருக்கு" என்று முடித்துவிட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேப்டனாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு அந்தப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்தேன்.

தோற்றுப்போனேன். ஓர் எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துச் சோதிப்பார்கள். பதற்றத்தில் முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தேன். யாரிடம் சொல்வது? வெட்கத்தை விட்டு அப்பாவையே கூப்பிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பிளேனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டார். இல்லப்பா, அது பயிற்சிக்கு வைத்திருக்கும் பொம்மை மாதிரி, நிஜ விமானம் இல்லை என்றேன்.

"நெசப் பிளேனே இல்ல, அதுக்கா அழுவுற? போய்ச் சாப்புடுலா."

இடது பக்கம்

அடுத்த முறை தேறினேன். தோளில் கேப்டனுக்கு உரிய நான்காவது பட்டை ஏறியது. அம்மாவிடம் டிக்கெட்டைக் கொடுத்து, அப்பாவைச் சுபாங்குக்குக் கூட்டிவருவது உங்கள் பொறுப்பு என்றேன். வந்தார். பேனரில் எனக்குப் போட்டிருந்தது மாதிரியே ஒரு கறுப்புக் கண்ணாடி, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால். அன்று பினாங்கில் இறங்கியதைப் போல மெதுவாக நான் அதற்கு முன்னும் இறங்கியதில்லை, பின்னும் இறங்கியதில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு அப்பா இருக்கைகளைத் தடவிப் பிடித்துக்கொண்டு விமானி அறைக் கதவருகே வந்து நின்றார். நான் எழுந்திருக்கப் போனேன், இரு என்று கை காட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து, இடது பக்கம் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்தார். வலது பக்கத்தில் என் துணை விமானி, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன மலாய்க்காரப் பெண், தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் "பாக்சிக்" என்று மலாயில் மாமா முறை சொல்லிச் சிரித்தாள். அன்றைக்குக் கத்தினேனேப்பா, அது தப்பு என்று சொல்லிவிட நான் வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். என் தோளில் கை வைத்து, அவள் பக்கம் கண்ணைக் காட்டி, ரகசியம் போலக் கேட்டார்:

"அந்தப் பொண்ணுதானே கெலிண்டான்? அதுகிட்ட மரியாதையா பேசு, என்ன?"

புயலில் இறங்க, எஞ்சின் நின்றால் இறங்க என்று எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் பயிற்சி உண்டு. பெற்ற அப்பன் முன்னால் தலை குனிவதை மட்டும் நாமேதான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.