எங்கள் தலைவர் தூக்கிய கை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வாசகசாலையில் சனிக்கிழமை மாலைகளில் விவாதக் கூட்டம் நடக்கும். எங்கள் அணித் தலைவர் சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு வந்து, வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தவர். ஒல்லியான ஆள், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. எதிரணி பேசும்போது மட்டும் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். புழுக்கம் தாங்கவில்லை போலும் என்று நினைத்திருந்தேன்.

அன்று, மேற்படிப்பு உத்தியோகத்துக்குத்தான் என்பது எங்கள் கட்சி. தலைவர் பேசியதும் கைதட்டல் அடங்கவில்லை. அதுவரை ஒருமுறைகூட ஜெயிக்காத நாங்கள் அன்று ஜெயித்துவிட்டதாகவே எண்ணினோம். எதிரணிக்காக ஒரு வாத்தியார் எழுந்து, படிப்பு முதலில் ஆளை மாற்ற வேண்டும், வேலையெல்லாம் அப்புறம் என்றார். பிறகு எந்தக் கட்சி சரி என்று எல்லாரையும் கை தூக்கச் சொன்னார்கள். ஒரே ஓட்டில் தோற்றோம். அந்த ஓட்டு எங்கள் தலைவருடையது.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னங்க, நம்ம கட்சிய நீங்களே கவுத்துட்டீங்களே!"

"அவர் சொன்னது சரின்னு பட்டுச்சு."

"பி.ஏ. படிச்சவர் செய்ற வேலையா இது?"

"படிக்காம இருந்திருந்தா தூக்கியிருக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு டிராம் பிடிக்கப் போனார்.

நாங்கள் விலக்கிவிட்ட அவரை அடுத்த வாரம் எதிரணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கும் கோபம் ஆறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எதிராளி பேசத் தொடங்கினால், காதை மறைக்கும் தலைப்பாகையைக் கழற்ற என் கை தானாகப் போகிறது.