நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

மற்ற ஓட்டல்களில் எல்லாம் விருந்தாளிகளே பொத்தானை அமுக்கிக்கொண்டு மேலே போகும் காலம் வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. அந்த ஓட்டலில் மட்டும் நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, கம்பிக் கதவைச் சாத்தித் திறந்துகொண்டிருந்தார். காரணம், அவர் தலைக்கு மேல் மாட்டியிருந்த புகைப்படம். அதில் உலகம் சுற்றிய ஒரு ராக் கிதார்காரர், வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, இடது கையை இந்த லிஃப்ட்காரர் தோளில் போட்டிருந்தார். கீழே அவர் எழுதிக் கொடுத்த ஒரு வரி: 'அன்று என்னைத் தாங்கிப் பிடித்தவருக்கு.'

ஏறுகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள். "நீங்கதானா அது?" என்பார்கள். "நான்தாங்க" என்பார். ஒரு நாளைக்கு இருபது தடவை. முழங்கால் தேய்ந்துவிட்டது, சரக்கு அறைக்கு மாற்றுங்கள் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "உங்களை எடுத்துட்டா அது வெறும் பெட்டிங்க" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். பாராட்டுதான். ஆனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அவருக்கு மூச்சு முட்டியது.

நடந்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு. அப்போது லிஃப்டைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக், இவர் மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்த மச்சான்தான். முதல் நாளே சிவப்பு சுவிட்சைக் காட்டி, "மாப்ள, இதை மாடியில நிக்கும்போது மட்டும் தொடு. ரெண்டு மாடிக்கு நடுவுல இழுத்தே, பூட்டு விழுந்துடும். அப்புறம் நான் மேல மெஷின் ரூமுக்குப் போய் சக்கரத்தைக் கையால சுத்தினாதான் அசையும்" என்று சொல்லியிருந்தார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொன்னார்.

அன்று மாலை கிதார்காரர் கீழ்த்தளத்தில் ஏறினார். வாசலில் கூட்டம் கத்தியது, ஆறாவது மாடியில் பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். கதவைச் சாத்தியதும் மனிதர் சுவரில் சாய்ந்துவிட்டார். படங்களில் பார்க்கிற ஆள் மாதிரி இல்லை. தூக்கம் கெட்டு, காய்ச்சல் மருந்து வாடையோடு இருந்தார்.

"என் பாட்டு கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

அதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. இதை எங்கயாவது நிறுத்துங்களேன். அஞ்சு நிமிஷம். ஒரு கண்ணும் என்னைப் பார்க்காம அஞ்சு நிமிஷம் போதும்."

அந்தப் பெரிய மனிதர் கெஞ்சினார். அதுதான் வினையாகப் போயிற்று. அதிகாரமாகக் கேட்டிருந்தால் லிஃப்ட்காரர் விதிமுறை பேசியிருப்பார். கெஞ்சியதும் மச்சான் சொன்ன நாலு தடவையும் காற்றில் போய்விட்டது. நான்கைத் தாண்டி ஐந்தை எட்டும் முன் சுவிட்சை இழுத்தார். மேலே எங்கேயோ கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பூட்டு விழுந்துவிட்டது என்று தெரிந்தது, ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முதல் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. கிதார்காரர் முக்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேல கீழ போறீங்க?" என்று விசாரித்தார். இருநூறு இருக்கும் என்றதும், "நானும் அப்படித்தான். அதே ஆறு பாட்டு. மாத்தினா அடிக்க வருவாங்க" என்று சிரித்தார். இடது கை விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குதிகால் தோல் போலக் காய்த்துக் கிடந்தன. இவ்வளவு பேர் பெற்ற மனிதனும் நம்மைப் போல உழைத்துத் தேய்ந்தவன்தான் என்று லிஃப்ட்காரருக்கு மனசு நெகிழ்ந்தது.

"சரி, போகலாம்" என்றார் கிதார்காரர்.

சுவிட்சை உள்ளே தள்ளினால் லிஃப்ட் போகவில்லை. மறுபடி தள்ளினார். மணியை அடித்தார். "இதோ வந்துடுவாங்க" என்று சொன்ன குரல் அவருக்கே நம்பும்படி இல்லை. பத்து நிமிடம் ஆனதும் கிதார்காரருக்கு வேர்த்தது. அடைபட்ட இடம் ஆகாத மனிதர் அவர். தானே நிறுத்தச் சொன்னபோது கதவு தன் கையில் இருக்கிறது என்ற தைரியம். இல்லை என்று தெரிந்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது. கத்தினார், அழுதார், கம்பிக் கதவை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ஒரு கம்பி வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிக் கட்டி, மச்சான் சக்கரத்தைச் சுழற்றி லிஃப்டை மாடிக்குக் கொண்டுவரும் வரை அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தார். மொத்தம் நாற்பது நிமிடம்.

நிகழ்ச்சி ரத்தாயிற்று. ஊரே திட்டியது. சீட்டு வாங்கியவர்களுக்குப் பயந்து ஒளிந்துகொண்டேன் என்று எந்தக் கலைஞன் சொல்வான்? லிஃப்ட் தானாக நின்றது என்று கிதார்காரர் சொல்லிவிட்டார். மேனேஜர் இவரிடம் கேட்டார்: "தானா நின்னுச்சா?"

"தானா நின்னுச்சுங்க."

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் காலை புகைப்படம் எடுத்தார்கள். மாலைக்குள் 'பராமரிப்பில் கவனக்குறைவு' என்று பழியை மச்சான் தலையில் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பேப்பரில் பெயர் வந்த மெக்கானிக்கை வேறு யார் சேர்ப்பார்கள்? மச்சான் சந்துக்குள் ஒரு சின்னக் கடை போட்டு மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்த்தார். ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

பேசியதெல்லாம் மனைவிதான். அண்ணனின் அஜாக்கிரதையால் தன் புருஷன் சாகப் பார்த்தான் என்பது அவள் கணக்கு. அண்ணன் வீட்டுக்கு வந்தால் தட்டு வைப்பாள், கூடவே, "அண்ணே, கடையில மெயினை அணைச்சிட்டுத்தான வந்தே? உன்னை நம்ப முடியாதே" என்றும் வைப்பாள். மச்சான் குனிந்து சாப்பிடுவார். லிஃப்ட்காரருக்கு ஒரு வாய்கூட உள்ளே இறங்காது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தையை ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டார்; தள்ளத் தள்ள அது கனத்துக்கொண்டே போனது.

போன வாரம் கிதார்காரர் இறந்துபோனார். டி.வி.யிலிருந்து ஒரு பெண் நிருபர் போன் செய்து, ஞாயிறு நாலு மணிக்கு வீட்டுக்கே வந்து நினைவுகளைப் பதிவு செய்கிறேன் என்றாள். லிஃப்ட்காரர் அன்றே முடிவு கட்டிவிட்டார். ஞாயிறு காலை மச்சான் கடைக்குப் போய், நின்றபடியே சொன்னார்.

"மச்சான், அன்னைக்கு சுவிட்சை இழுத்தது நான்தான். இன்னைக்கு கேமரா முன்னாடி சொல்லப் போறேன்."

மச்சான் மிக்சி மோட்டாரில் திருகாணியை முடுக்கிக்கொண்டே இருந்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மெஷின் ரூமுக்குப் போனதும் பார்த்தேன், பூட்டு விழுந்து கிடந்துச்சு. கை இழுக்காம அது விழாது, மாப்ள. மேனேஜர் ஏறி வர்றதுக்குள்ள எடுத்துவிட்டேன்."

லிஃப்ட்காரர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "ஏன் மச்சான்? ஏன் வாயே திறக்கல?"

"ரெண்டு பேர்ல ஒருத்தன் போகணும். எனக்குத் தொழில் தெரியும், எங்கயும் பொழைச்சுக்கலாம்னு நெனச்சேன். தப்புக் கணக்கு." திருப்புளியைக் கீழே வைத்தார். "இப்ப சொல்லாத. நீ எறக்கி வைக்கணும்னு பாக்குற. எங்க எறக்குவ? அவ தலையிலதான். இத்தனை வருஷமா அண்ணனை என்னென்ன சொல்லிட்டோம்னு அவ யோசிக்க ஆரம்பிச்சா தாங்குவாளா?"

"என்னால முடியல மச்சான்."

"முடியணும்."

லிஃப்ட்காரர் எழுந்து வந்துவிட்டார். சொல்லத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

நாலு மணிக்குக் கூடத்தில் இரண்டு விளக்கு வைத்தார்கள். மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் டீ கொடுத்தாள். கூப்பிடாமலே மச்சானும் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அவரைக் கண்டதும் லிஃப்ட்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் சொல்லிவிடலாம், இவர் என்ன வாயைப் பொத்தவா போகிறார் என்று நினைத்தார்.

நிருபர் மருந்து வாடையைக் கேட்டாள், ஷூவைக் கேட்டாள், காய்த்துப்போன விரல்களைக் கேட்டாள். எல்லாம் நிஜம் என்பதால் சரளமாகச் சொன்னார். பிறகு, "கவனக்குறைவுன்னு பேப்பர்ல வந்துச்சு, ஆனா லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு கடைசி வரைக்கும் தெளிவா யாரும் சொல்லலையே?" என்றாள்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது வந்தும்மா…"

"என் தப்புங்க" என்றார் மச்சான், சுவரோரத்திலிருந்து. கேமரா அவர் பக்கம் திரும்பியது. "மெக்கானிக் நான்தான். அந்த வாரம் பூட்டைச் சோதிச்சிருக்கணும். சோதிக்கல. என் கவனக்குறைவு."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொன்னால், வயதான அந்த மனிதரை ஊர் முன்னால் பொய்யராக்க வேண்டும். சொல்லாவிட்டால் இனி எந்த நாளும் சொல்ல முடியாது. மச்சான் அவரை நேராகப் பார்த்தார், இமைக்கவே இல்லை.

மனைவி அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் குரலில் அந்தப் பழைய குத்தல் இல்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே, அண்ணே. இதைத்தான் இத்தனை வருஷமா எதிர்பார்த்தேன். விடு, போகட்டும்."

லிஃப்ட்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நிருபர் பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"பயப்படாதீங்கம்மா" என்றாள் மனைவி. "செத்துப்போனவர் மேல இவருக்கு அவ்வளவு பாசம்."