சஹனில் ஒதுக்கிய குண்டிக்காய்

போன வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சம்மாந்துறையில் என் மூத்த சகோதரி, ராத்தா வீட்டில் பகல் சாப்பாடு. ராத்தாவின் கணவர், மச்சானும் நானும் ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறோம். சோற்றுக்கு மேலே, வெங்காயம் போட்டுப் பொரித்த மாட்டுக் குண்டிக்காய், கிட்னிதான்.

மச்சான் நல்ல துண்டொன்றை என் பக்கமாகத் தள்ளினார். நான் எடுக்கவில்லை. மெல்ல ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"என்ன மச்சான், மரியாத கூடிப் போச்சி!" சிரித்துக்கொண்டே திரும்பவும் தள்ளினார்.

மரியாதையா... எனக்கா?

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி இந்தப் பத்தியில் பெருமையடித்தேனே, நினைவிருக்கிறதா? "சந்தையில் வாங்கிய மாடல்ல, நானே வளர்த்த மாடு. நாவிதன்வெளிக் காணியில் நான் வளர்த்த புல்லைத்தான் மேய்ந்தது. அந்தப் புல்லில் ஒரு சொட்டு மருந்து பட்டதில்லை" என்று. வாசித்துவிட்டு எத்தனை பேர் போன் எடுத்தீர்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

உழ்ஹிய்யாவுக்கு, பெருநாள் குர்பானிக்கு, அந்த மாட்டை அறுத்த அன்று இறைச்சியைப் பங்கு வைத்தேன். குண்டிக்காய் இரண்டையும் மட்டும் தனியாகக் கட்டி ராத்தா வீட்டுக்கு அனுப்பினேன். ஏன்? மச்சானுக்குக் கிட்னி வருத்தம். கிளினிக், கிளினிக் என்று அலைகிற மனிசன். எங்கட ஆக்களின் கணக்கு லேசானது — எந்த உறுப்பில் வருத்தமோ, அந்த உறுப்பைத் தின்றால் பலம்! "மருந்து படாத குண்டிக்காய், மச்சானுக்கு மட்டும்தான்" என்று போனில் வேறு சொல்லி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முந்தி மகள் போன் எடுத்தாள். கண்டிப் பக்கம் விவசாயம் படிப்பிக்கிறவள். என் பத்தியை அப்போதுதான் வாசித்தாளாம்.

"வாப்பா, மருந்து அடிக்கல்ல, சரி. பசளை?"

"பசளை போடாம புல் வளருமா மகள்? வயலுக்குப் போட்டு மிஞ்சிற ரி.எஸ்.பி. எல்லாம் போகம் போகமா அங்கதானே கொட்டுற."

மகள் மெதுவாக விளக்கினாள். ரி.எஸ்.பி. என்பது பாறையிலிருந்து செய்கிற உரம். அந்தப் பாறையோடு கட்மியம் என்ற நச்சு உலோகமும் வரும், சிலதில் குறைய, சிலதில் கூட. போட்ட இடத்திலேயே மேல்மண்ணில் தங்கிவிடும். மாடு மேயும்போது புல்லோடு மண்ணும் வயிற்றுக்குள் போகும்.

"இறைச்சியில பெரிசா சேராது வாப்பா, பயப்படாதீங்க. ஈரல்லயும் குண்டிக்காய்லயும்தான் போய்த் தங்கும். மனிசனுக்கும் அது குண்டிக்காயத்தான் பழுதாக்கும். மண்ணப் பரிசோதிச்சாத்தான் உங்கட காணில எவ்வளவு இரிக்கி எண்டு தெரியும். ஆமா... அந்தக் குண்டிக்காய என்ன செஞ்சீங்க?"

நான் லைனைக் கட் பண்ணிவிட்டேன்.

உடனே ராத்தாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். போனை எடுப்பேன், வைப்பேன். இந்நேரம் தின்று முடித்திருப்பார்கள், இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வெட்கக்கேடு! தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அடுத்தவரையும் கெடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்தால், ராத்தா சஹனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்றா: "ஒண்டப் பெருநாளண்டே ஆக்கிக் குடுத்தன். மத்தத பிரிட்ஜில வெச்சன். நீ வந்தாத்தான் தின்னுவன் எண்டு இவர் ஒரே புடி."

நான் ஒதுக்கிய துண்டை மச்சான் கையில் எடுத்தார். "நீ தின்னாட்டி உடு. எனக்கெண்டு அனுப்பினதுதானே."

"மச்சான், வைங்க அத!"

நான் போட்ட சத்தத்தில் ராத்தா குசினியிலிருந்து ஓடி வந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டு பேர் முகத்தையும் பார்க்காமல், சோற்றைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மச்சான் ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்! துண்டைத் திரும்ப வைத்தார். பிறகு, நிசமாகவே விளங்காமல்தான் கேட்டார்:

"பசளை மருந்தில்லத்தானே மச்சான்?"

பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்தவர்கள் நாம். அந்தப் பெயர் இல்லாததெல்லாம் நல்லது என்று நானும் நினைத்துவிட்டேன். ஊருக்கே எழுதியும் விட்டேன்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். என்ன வருமோ, அல்லாஹ்தான் அறிவான். மச்சானின் அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன். டொக்டர் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பாராம் — "வெளியில ஆரும் தந்த மருந்து ஏதும் எடுத்தீங்களா?"

ஓம் என்று சொல்ல வேண்டியவன் நான்.