முதல் இருபது பக்கம் இல்லாத லேப் புத்தகம்

அமெரிக்காவில் இருக்கும் ஒரு டாக்டருக்கு, அவருடைய நோயாளியின் சிறுநீர் சரியில்லை என்று நாகர்கோவிலில் இருந்தபடி நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்கு அல்ல, பலருக்கு. இன்னொரு டாக்டரிடம், உங்கள் நோயாளியின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் போதாது, தயவுசெய்து மறுபடி பார்க்கவும் என்று கேட்டுக்கொண்டேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., இரண்டாம் வகுப்பு. உடம்புக்குள் இருப்பவற்றில் எனக்கு அதுவரை நல்ல பழக்கம் இருந்தது இதயத்தோடு மட்டும்தான். அதுவும் கவிதைகளில், உடைந்த நிலையில்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது இது. பத்தொன்பது வருடம் நான் ஆங்கில இலக்கணம் நடத்திய டுட்டோரியல் காலேஜை அப்போதுதான் மூடியிருந்தார்கள். பிளஸ் டூவில் தோற்கும் பிள்ளைகளை நம்பி நடந்த நிறுவனம் அது. பிள்ளைகள் எங்களை ஏமாற்றிவிட்டு முதல் தடவையிலேயே பாஸாகத் தொடங்கிவிட்டார்கள். நாற்பத்து நான்கு வயதில் நான் ஒரு ரெடிமேட் கடையின் மாடியில் இருந்த மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீசில் சேர்ந்தேன். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு போனில் பேசிப் பதிவு செய்வதை, நாங்கள் இங்கே காதில் மாட்டிக் கேட்டு அறிக்கையாக அடிக்க வேண்டும். காலடியில் ஒரு பெடல். அதை மிதித்தால் டாக்டர் பேசுவார், விட்டால் நிறுத்துவார். டுட்டோரியலில் எனக்கு வாய்க்காத அதிகாரம்.

மூன்று மாதம் சோதனைக் காலம். கடைசி மாதத்தில் அடிக்கும் அறிக்கைகளை எடுத்துப் பார்ப்பார்கள். புரியாத இடத்தைக் கோடு போட்டு விடலாம், ஆனால் கோடுகள் அதிகமானால் வீட்டுக்குப் போகலாம். வீட்டில் மனைவி ஏற்கெனவே, "இந்த வயசுல பரிட்ச எழுதி ஜெயிக்கணும்னு ஒங்களுக்கு ஆராவது சாபம் போட்டாளா?" என்று கேட்டிருந்தாள்.

சாபம் போட்டவளும் அங்கேதான் இருந்தாள். என் அறிக்கைகளைத் திருத்தும் டீம் லீடருக்கு இருபத்து நான்கு வயது. என்னுடைய பழைய மாணவி. டுட்டோரியலில் அவளுடைய ஆங்கிலத் தாளுக்கு நூற்றுக்கு இருபத்தொன்பது போட்டு, சிவப்பு மையில் 'ஆங்கிலம் உனக்கு ஒத்துவராது' என்று எழுதியிருந்தேன். முதல் நாள் அதை அவளே நினைவுபடுத்தினாள், சிரித்துக்கொண்டு. தோவாளையில் அவள் அப்பாவுக்குப் பூ வியாபாரம். தினமும் தலை நிறைய பிச்சிப்பூவோடு வருவாள். ஆகவே என் தவறுகளுக்கு இன்றும் என் மூளையில் பிச்சிப்பூ வாசனை.

நோயாளியின் வரலாற்றைச் சொல்லும்போது அமெரிக்க டாக்டர் மனிதரைப்போலத்தான் பேசுவார். வயது, இருமல், நாய் கடித்தது, எல்லாம் நிதானமாக வரும். லேப் முடிவுகளுக்கு வந்ததும் அவருக்குள் தேங்காய்ப்பட்டணத்து மீன் ஏலக்காரர் புகுந்துவிடுவார். பாதிச் சொல்லை விழுங்கி, மீதியை எண்களோடு சேர்த்து எறிவார். 'லைட்ஸ் நார்மல்' என்று ஒருவர் சொன்னதை நான் விளக்குகள் என்றே அடித்தேன்.

டீம் லீடர் கூப்பிட்டாள். "சாரே, ஆஸ்பத்திரியில கரண்டு போகல்லன்னு டாக்டரு எதுக்கு ரிப்போர்ட்டுல சொல்லணும்?"

"அவுங்க ஊருல அதையும் பதிவு செய்வாங்களா இருக்கும்."

"எலெக்ட்ரோலைட்ஸ் சாரே. சோடியம், பொட்டாசியம். சுருக்கி லைட்ஸும்பாங்க."

இன்னொரு நாள் மலப் பரிசோதனையில் 'ஸ்டூல்' என்பதற்கு அடுத்து ஒரு சொல் வந்தது. பதினேழு தடவை பெடலை மிதித்தேன். 'கொயட்' என்றுதான் கேட்டது. மலம் அமைதியாக இருந்தது என்று அடித்தேன். அவள் அதை வாசித்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. அந்தச் சொல் அவளுக்கும் தெரியவில்லை. கோடு போட்டு அனுப்பினோம்.

பதினெட்டுப் பேருக்கு ஒரு அகராதி, ஒரு மருந்துப் புத்தகம். லேப் சொற்களுக்கு ஒன்றுமில்லை. இன்டர்நெட் டீம் லீடரின் மிஷினில் மட்டும், அதுவும் மனசு வைத்தால் வரும். எதில் தேடினாலும் முதல் எழுத்து தெரிய வேண்டும். முதல் எழுத்து தெரிந்திருந்தால் நான் எதற்குத் தேடப் போகிறேன்?

சோதனைக் காலத்தில் ஒரு மாதமே மிச்சம் இருந்தது. நாகர்கோவில் கடைகளில் கேட்டால் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல் நோட்டை எடுத்து நீட்டினார்கள். தக்கலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கேட்டதற்கு, "புக்கா? மிஷின் சொல்லுகத நாங்க எழுதி குடுப்போம், அவ்வளவுதான்" என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்துக்கே போனேன்.

நாலாவது பழைய புத்தகக் கடையில், அடுக்கின் அடியில் அது கிடந்தது. செங்கல் கனம். அட்டை போய், முதல் இருபது பக்கமும் போய், யாரோ பழுப்புக் காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்திருந்தார்கள். முதுகில் மையால் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: லேப்.

"நல்ல புஸ்தகமா சாரே," என்றார் கடைக்காரர். "பழைய ஒரு டாக்டர்டெ வீட்டில் நின்னு வந்நதா."

என்ன டாக்டர் என்று நான் கேட்டிருக்கலாம். எந்தக் கவிஞன் எந்த ஆண்டில் எவளைக் காதலித்தான் என்று தோண்டித் துருவிய ஆள் நான். கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. க்யூவிலும் கேயிலும் தேடிச் சலித்து, களியக்காவிளை தாண்டியதும் ஜி எழுத்தில் விரலை ஓட்டினேன். எனக்கு 'கொயட்' என்று கேட்ட சொல் அங்கே உட்கார்ந்திருந்தது: 'குவையாக்'. மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஆங்கில இலக்கியம் முழுவதிலும் எந்தச் சொல்லும் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை. "கிடைச்சிற்று!" என்று கத்திவிட்டேன்.

கண்டக்டர் ஓடி வந்தார். "என்ன சார், பர்ஸு கிடைச்சிற்றா?"

"மலம்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் மார்த்தாண்டத்தில் இறங்கும் ஆள் இல்லை என்றாலும் மார்த்தாண்டத்தில் இறங்கினார்.

அடுத்த இரண்டு வாரம் போல ஒரு காலம் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. கோடுகள் மறைந்தன. எரித்ரோசைட், ஹெமாட்டோக்ரிட் என்று கீபோர்டில் மழை பொழிந்தேன். மற்றவர்கள் காதில் மாட்டியதைக் கழற்றிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்கள். "சாரே, 'செட் ரேட்'னா?" "ரத்தம் படியும் வேகம் மக்கா, செடிமென்டேஷன் ரேட்." கேட்டவன் போன பிறகும் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருப்பேன். டீம் லீடர்கூட, "கொள்ளாம் சாரே" என்றாள். நான் தந்த இருபத்தொன்பதுக்கு அவள் தந்த முதல் மார்க்கு.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். புத்தகத்தின் பின்பக்கம் அளவு அட்டவணைகள் இருந்தன. நெடுக்காக நான்கு வரிசைகள், தலைக்கு ஓர் எழுத்து: பி, சி, இ, எஃப். விளக்கம் தொலைந்த இருபது பக்கத்தில் இருந்திருக்கும். எம்.ஏ. படித்தவனுக்கு விளக்கம் எதற்கு? சி என்றால் சைல்டு, குழந்தை. இ என்றால் எல்டர்லி, முதியவர். எஃப், ஃபீமேல், பெண். மிச்சம் இருந்த பி, ஆண்களாகத்தானே இருக்க வேண்டும்? பாய்ஸ்! அமெரிக்காவில் ஐம்பது வயதுக்காரனையும் பாய்ஸ் என்பார்கள் என்று எங்கேயோ வாசித்த ஞாபகமும் வந்து கைகொடுத்தது.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் சொன்ன எண் சந்தேகமாக இருந்தால், அதை அப்படியே அடித்துவிட்டு, 'சரிபார்க்கவும்' என்று ஒரு குறிப்பை இணைக்கலாம். ஃப்ளாக் என்பார்கள். நான் ஃப்ளாக் ஏற்றத் தொடங்கினேன். வெறும் வயிற்றில் சர்க்கரை தொண்ணூற்று இரண்டா? பி வரிசையில் எழுபத்தைந்தைத் தாண்டக் கூடாதே. சரிபார்க்கவும். சிறுநீரின் பி.ஹெச். ஆறா? ஏழரைக்கு மேல் அல்லவா வேண்டும்? எழுபது வயதுப் பாட்டனாருக்குச் சிவப்பணு இவ்வளவு குறைவா? இ வரிசையைப் பார்த்துப் பதறினேன். அமெரிக்காவின் உடல்நிலை இப்படி மோசமாகிக்கொண்டிருப்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லையே என்று வருத்தப்பட்டேன். பதினோரு நாள். எத்தனை ஃப்ளாக் என்று சொல்ல மாட்டேன்.

புத்தகம் எனக்குச் சைகை காட்டாமல் இல்லை. 'டெய்ல் வெய்ன்' என்ற ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுக்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. வாலில் உள்ள நாளம். மனிதருக்கு ஏது வால் என்று ஒரு கணம் திகைத்தேன். முதுகெலும்பின் நுனியை டெய்ல்போன் என்பது உண்டே, அப்படியானால் பக்கத்தில் ஒரு குழாய் இருக்காதா? பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் டீம் லீடர் என்னைக் கூப்பிட்டாள். அவள் திரையில் ஒரு டாக்டரின் பதில் வந்திருந்தது. இரண்டே வரி: 'இந்த அளவு மனிதருக்குச் சரியானதே. என் நோயாளி ஒரு மனிதர்.'

"மனுசன்னு எதுக்கு சாரே தனியா சொல்லுகாரு?"

"கோவத்துல எழுதியிருப்பாரு."

"ஒங்களுக்க புக்க கொஞ்சம் கொண்டு வாங்க."

கொண்டு போனேன். அவள் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். "மில்க் ஃபீவர். இது என்ன சாரே?"

"பிள்ளை பெத்த பெண்களுக்கு வருகது. கால்சியம் குறைஞ்சு போகும்," என்றேன், நிபுணராக.

"பெத்தவளுக்குத்தான். எங்க வீட்டு செவலைக்கு வந்துது. கண்ணுக்குட்டி போட்ட மறுநாளு எழும்ப மாட்டாம கிடந்துது. மாட்டாஸ்பத்திரி டாக்டரு வந்து கால்சியம் ஏத்தினாரு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அட்டவணையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு மிஷினில் ஏதோ அடித்துத் தேடினாள். அன்றைக்கென்று இன்டர்நெட் உடனே வந்தது.

பி, போவைன், மாடு. சி, கேனைன், நாய். இ, ஈக்வைன், குதிரை. எஃப், ஃபீலைன், பூனை.

அதாவது பதினோரு நாள் நான் அமெரிக்க ஆண்களை மாட்டோடும் பெண்களைப் பூனையோடும் முதியவர்களைக் குதிரையோடும் பச்சைப் பிள்ளைகளை நாயோடும் ஒப்பிட்டு, குறைகிறது, கூடுகிறது என்று புகார் எழுதியிருக்கிறேன். புல் தின்னும் பிராணிக்குத்தான் சிறுநீர் ஏழரைக்கு மேல் போகுமாம்.

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு அடுத்த மேஜை. ஐந்து நிமிடத்தில் மாடி முழுவதும் பெடலை விட்டுவிட்டது. அமெரிக்க டாக்டர்கள் அத்தனை பேரும் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒருத்தி, "ஏட்டி பூனே, தண்ணி எடுத்துக் குடுட்டி" என்றாள். இன்னொருவன் ம்மா என்று கத்தினான். கீழே ரெடிமேட் கடையிலிருந்து ஆள் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுப் போனார். எனக்கும் சிரிப்பு வந்து, விக்கி, கண்ணில் நீர் வழிந்தது. அதில் பாதி சிரிப்பு. மீதிப் பாதி, நாளை மனைவியிடம் என்ன சொல்வது என்பது.

மாலையில் மேனேஜர் அறைக்கு அவள் என் கோப்போடு போனாள். நான் வெளியே நின்றேன். அரைமணி நேரம். டுட்டோரியலில் ரிசல்ட் நாளில் வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லோருடைய முகமும் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அதுவரை வந்ததே இல்லை.

அவள் வெளியே வந்தாள். "எண்ணு ஒண்ணையும் நீங்க மாத்தல்ல, டாக்டரு சொன்னத அப்படியே அடிச்சிருக்கிய. ஸ்பெல்லிங்குல ஒரு தப்பு இல்ல. மாட்டுக்கும் மனுசனுக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணுதானே. ஃப்ளாக்க தடுக்காதது எனக்க தப்புன்னு சொல்லிற்றேன். வேல உறுதி சாரே."

புத்தகம் ஆபீசிலேயே இருக்கட்டும் என்றாள். அட்டையில் அவள் கையால் ஒரு சீட்டு ஒட்டினாள்: 'சொல்லுக்கு மட்டும். எண்ணுக்கு அல்ல.' நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். எம்.ஏ. படித்தவனுக்குரிய நீளமான, உவமை கலந்த நன்றி ஒன்று தயாராக இருந்தது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, படி இறங்கும்முன் திரும்பினாள்.

"ஒரு சந்தேகம் சாரே. அன்னைக்கு எனக்க இங்கிலீஷ் பேப்பர எந்த வரிசைய பாத்து திருத்தினிய?"