மேற்கு ஜன்னலில் ஒரு கைலி

மலேசியாவில், எங்கள் மூவாரில் வெயிலுக்கு மாதம் கிடையாது. தையோ ஆடியோ, காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டும். பிற்பகலில் இடி இடித்து மழை கொட்டும். மழை விட்டதும் தார்ச்சாலையிலிருந்து ஆவி எழும். வருடக் கடைசியில் மழை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இடைநிலைப்பள்ளியில் புவியியல் கற்பித்த நான், நமக்குப் பருவங்களே இல்லை என்று வருடந்தோறும் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீடு ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. முன்னறை ஜன்னல் மேற்கே பார்க்கும். நான் ஓய்வு பெற்றதும், மகள் இருக்கும் ஜோகூர் பாருவுக்கே போய்விடலாம் என்று மனைவி கேட்டாள். இந்த ஜன்னலைக் காட்டித்தான் மறுத்தேன். சூரியன் கடலில் இறங்குவதை வீட்டுக்குள் உட்கார்ந்தே பார்க்க யாருக்குக் கிடைக்கும் என்றேன்.

அவளுக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை. வருடத்தில் சில மாதங்கள், சாயங்காலமானால் என் பழைய கைலி ஒன்றை அந்த ஜன்னலில் மாட்டிவிடுவாள்.

"வர்றவங்க போறவங்க பாத்தா என்ன நினைப்பாங்க? துணி காயப்போடற இடமா இது?"

"வாத்தியாரே, வெயிலு உள்ள வந்து சோபாவுல உக்காந்துருக்கு. அத எழுந்து போகச் சொல்லுங்க, நானும் கைலிய எடுத்துடறேன்."

நான் இழுத்துப் போடுவேன். மறுநாள் அவள் மறுபடி மாட்டியிருப்பாள்.

ஓர் ஆகஸ்டில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. கை கால் விழுந்துவிட்டது. தலையை மட்டும் திருப்ப முடிந்தது. மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்ததும், காற்று வரும், கடல் தெரியும் என்று அவள் கட்டிலை முன்னறையில் ஜன்னலோரம் போட்டேன். கைலியை மடித்து அலமாரியில் வைத்தேன். முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. அவள் வெளியே பார்த்தபடி படுத்திருப்பாள்.

வருடக் கடைசியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். அதுவும் சாயங்காலத்தில், நான் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்காரும் நேரம் பார்த்து. வார இறுதியில் வந்த மகளும் கவனித்தாள்.

"அப்பா, அம்மா ஏன் சுவத்தையே பாக்குறாங்க?"

"கோவம்லா. உங்கூட வந்து இருக்க விடலன்னு இன்னும் மனசுல வச்சிருக்கா."

அப்படித்தான் நம்பினேன். அதனால் இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்து, மெதுவாகத்தான், ஜன்னல் பக்கம் திருப்புவேன். மறுபடி திரும்பாமல் இருக்கக் கழுத்தோரம் ஒரு தலையணையை அணைவாக வைப்பேன். "பாரு, எவ்வளவு அழகா இருக்கு" என்பேன். அவள் கண்ணிலிருந்து நீர் வழியும். மனம் இளகுகிறது என்று நினைத்துத் துடைத்துவிடுவேன்.

சீனப் புத்தாண்டுக்கு முன்பே போய்விட்டாள்.

அடுத்த வருடக் கடைசியில் எனக்குக் காய்ச்சல். அவள் கட்டிலிலேயே படுத்தேன். சாயங்காலம் விழித்தபோது வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினேன். திரும்பிய பிறகுதான் விளங்கியது.

ஆகஸ்டில் சூரியன் வடக்கே தள்ளி, பக்கத்து மாடி வீட்டுக்குப் பின்னால் இறங்கும். வருடக் கடைசியில் தெற்கே நகர்ந்து எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்துவிடும். இதைக் கரும்பலகையில் வட்டம் வரைந்து விளக்கியே சம்பளம் வாங்கியவன் நான். சில மாதங்களில் மட்டும் அவள் ஏன் கைலி மாட்டினாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

காய்ச்சலைக் கேள்விப்பட்டு மகள் வந்தாள். ஜன்னலில் தொங்கிய கைலியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அட, அலமாக்! அம்மா மாட்டினா குதிப்பீங்க. இப்ப நீங்களேவா?"

சொன்னேன். தலையணை வைத்ததையும் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கைலியின் ஓரத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். பிறகு கேட்டாள்.

"தினமுமாப்பா?"

"மழை பேஞ்ச அன்னிக்கு இல்ல."

அவள் சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மாதங்களில் எத்தனை மாலைகள் மழை பெய்தது என்று இன்னமும் நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். நிறையப் பெய்திருக்க வேண்டும். இங்கே அப்போதுதானே மழை கூடும்.