உங்கள் கருத்துக்குப் பதினைந்து மதிப்பெண்

நாற்பது வயதில் எம்.இ. மென்பொருள் பொறியியல் படிக்கப் போனவள் நான். அதற்கு முன் பதினோரு வருடம் திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, காய்கறி ஏலக் கடைகளுக்கு எடைச்சீட்டு போடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டம் கையில் வந்தால் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசிப் பருவத்தில் ஒரே ஒரு தாள் காலை வாரியது.

கேள்வி இதுதான். ஒரு சிறு நிறுவனத்துக்கு மென்பொருள் செய்யும்போது, தேவைகளை முழுதாக எழுதி முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லதா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து தருவது நல்லதா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக. பதினைந்து மதிப்பெண்.

எனக்கு வாயெல்லாம் பல். நான்கு பக்கம் எழுதினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் முறையை ஒட்டன்சத்திரத்தில் ஒரு கடையில் செய்து பட்டவள் நான். தக்காளிப் பெட்டி தராசில் ஏறும் நேரத்தில் திரையில் பொத்தான் இடம் மாறியிருந்தது. எடை போடுகிறவர் கணினியையே தூக்கி வாசலில் வைத்துவிட்டார். ஆகவே இந்த மாதிரி இடத்துக்கு முதல் முறைதான் நல்லது என்று முடித்தேன்.

வெளியிலிருந்து வந்து திருத்தியவர் மூன்று மதிப்பெண் போட்டிருந்தார். மொத்தம் நாற்பத்திரண்டு, தேற ஐம்பது வேண்டும். பக்கத்து இருக்கைப் பெண் இரண்டாவது முறையே சிறந்தது என்று பாடப்புத்தக வரிகளை அரைப் பக்கம் இறக்கி வைத்துப் பன்னிரண்டு வாங்கியிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"அம்புட்டுதானே? அடுத்த தடவை அவுக கேக்கறதை எழுதிட்டு வா. என்னத்துக்கு மல்லுக்கு நிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

மல்லுக்குத்தான் நின்றேன். விடைத்தாள் நகல் வாங்கினேன். மறுமதிப்பீடு கேட்க வேண்டுமானால், பாடம் நடத்திய ஆசிரியர் நகலைப் படித்து, இத்தனை தரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்தக் கேள்வியை எடுத்ததும், அதற்கு விடைக்குறிப்பு எழுதியதும் அவரேதான். போச்சுடா என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"என்னங்க, ஆன்சர் கீயில இருக்கறதுக்கு நேர் எதிரா எழுதியிருக்கீங்க?"

"மேடம், உங்கள் கருத்துன்னு கேட்டீங்க, என் கருத்தை எழுதினேன். உங்க கருத்துதான் வேணும்னா அதையே கேட்டிருக்கலாம்ல?" என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சிவந்தது. "செத்த நேரம் உக்காருங்க" என்றார். நான்கு பக்கத்தையும் படித்தார். கணினி வாசலுக்குப் போன இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இப்பவும் என்னால ஒத்துக்க முடியல. அந்தக் கடைக்கும் ரெண்டாவது முறைதான் சரின்னு சொல்வேன்."

நான் நகலை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் பேனாவைத் திறந்து, பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஆனா உங்க காரணத்துல ஓட்டை இல்லை."

மறுமதிப்பீட்டில் வேறு ஒருவர் திருத்தியும் அதே பன்னிரண்டு. மொத்தம் ஐம்பத்தொன்று. நத்தம் பஸ்ஸில் முடிவைப் பார்த்துவிட்டு நான் போட்ட கூச்சலில், யாரோ இறங்க மறந்துவிட்டதாக நினைத்து ஓட்டுநர் பிரேக் போட்டார். எனக்கு வெட்கமே இல்லை.

வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து, நான் படித்த கல்லூரியின் புது வினாத்தாள் கைக்கு வந்தது. அதே கேள்வி, சிறு நிறுவனம் இருந்த இடத்தில் காய்கறி ஏலக் கடை இருந்தது. அடியில் புதிதாக ஒரு வரி: எந்தப் பக்கம் எழுதினாலும் சரி, மதிப்பெண் காரணங்களுக்கே.

அந்த வரியை வாங்கித் தந்தவள் நான்.