கடல் வெளியே போயிருந்த நாள்

நான் பம்பாய்க்குக் கடல்வழியாக வந்தவள் என்று சொன்னால் தாராவியில் யாரும் நம்புவதில்லை. "ஏன் நானி, அப்போ ட்ரெயினே இல்லையா?" என்று பேத்தி சிரிக்கிறாள். ரயில் இருந்தது. உம்மா கைக்குழந்தையோடு அதில்தான் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தாள். வாப்பா, தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவரும் பாய்த்தோணிக்குத் தண்டல், தோணியை நடத்துகிறவர். நம்ம தோணி இருக்க புள்ளைக்கு எதுக்கு டிக்கெட்டு என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். எனக்கு ஏழு வயது.

பம்பாய்க்கு இரண்டு நாள் இருக்கும்போது, கொங்கணக் கரையில் ஒரு மீன்பிடி ஊரின் கழிமுகத்தில் ஒதுங்கினோம். விடியும் நேரம் காற்று திரும்பி, நங்கூரக் கயிறு பாறையில் உரசி அறுந்துபோயிற்று. தோணியை உள்ளே கொண்டுபோய்த் தென்னைமரத்தில் கட்டினார்கள். நங்கூரம் இல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் சிறு ஓடமோ முன்னமே உடைந்திருந்தது. தண்ணீர் வற்றும்போது தேடி எடுக்க அந்த ஊர்ப் படகும், பாறைகளை அறிந்த ஆளும் வேண்டும்.

கரையில் நடந்த பேச்சு எனக்கு விளங்கவில்லை. தோணியில் கூட வந்த வாப்பாவின் தம்பி, சாச்சாவுக்குத்தான் அரைகுறை இந்தி தெரியும். ஊர்க்காரர்கள் மாட்டோம் என்று தலையாட்டினார்கள். முன்பு யாரோ இப்படிப் படகையும் ஆளையும் கூட்டிப் போனவர்கள் திரும்பவேயில்லையாம். கடைசியில் ஒரு பெரியவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். வாப்பா என் தலையில் கை வைத்தார்.

"இந்த வூட்டுல இரும்மா. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன். அழப்புடாது, என்ன?"

சாச்சா சிரிக்கப் பார்த்தார். "ரொம்பத் திங்காதளா. அப்புறம் இங்கயே ஒன்னக் கெட்டிக் குடுத்துருவாங்க."

அந்த வீட்டுப் படகுக்காரர் இவர்களோடு ஏறி முன்னால் உட்கார்ந்தார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்த கையை அவள் விடவேயில்லை. அப்படி ஒரு உபசாரத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் கண்டதில்லை. ஊஞ்சலில் உட்காரவைத்து, அரிசி ரொட்டியும் தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பும் ஒற்றைக் கையாலேயே எடுத்து வைத்தாள். நான் ஒதுங்கப் போனாலும் இரண்டு பெண்கள் கூடவே வந்தார்கள். வாசலில் நின்று ஊரே என்னைப் பார்த்தது. நாலு பேர் பார்த்தால் உம்மா முந்தானைக்குள் ஒளிகிறவள், அன்று ராணி மாதிரி இருந்தேன்.

உச்சிவேளைக்கு வெளியே வந்து பார்த்தால், கடலைக் காணோம். எங்கள் ஊர்க் கடல் அப்படியெல்லாம் எங்கேயும் போகாது. காலையில் நனைத்த இடத்தைத்தான் மாலையிலும் நனைக்கும். இங்கே கண்ணுக்கெட்டியவரை சேறு பளபளத்தது. எங்கள் தோணி ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் வயிற்றையும், அதில் அப்பியிருந்த சிப்பிகளையும் அன்றுதான் பார்த்தேன். அத்தனை பெரிய தோணிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். வாயைப் பிளந்து நின்றேன். அப்புறம்தான் உறைத்தது: தண்ணீரே இல்லையென்றால் வாப்பா எப்படி வருவார்?

"கடல் எங்க போச்சு?" என்று அழுதேன். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, அழுகை தெரிந்தது. சூரியனைக் காட்டி, விரலை மெல்ல மேற்கே இறக்கினாள். பிறகு எங்கள் இரண்டு கைகளையும் சேர்த்தே தரையிலிருந்து மேலே உயர்த்தினாள். "யேயீல், யேயீல்" என்றாள். வரும் என்று அர்த்தம். நான் கற்ற முதல் மராத்திச் சொல் அது. அதை எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொல்லிக்கொண்டாளா என்று அப்போது யோசிக்கவில்லை.

வந்தது. சத்தமே இல்லாமல் நண்டு வளைகளை நிரப்பிக்கொண்டு வந்தது. படுத்திருந்த தோணி முனகிக்கொண்டு எழுந்து நின்றது. அதன் பின்னால், நங்கூரத்தைச் சுமந்துகொண்டு படகும் வந்தது. முன்னால் இருந்த அவள் புருஷன் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அவள் என்னை விட்டாள். மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"நல்ல மனுஷங்க வாப்பா. இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போவோம்" என்றேன். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற சாச்சா, அன்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

படகுக்கும் ஆளுக்கும் என்னைத்தான் பிணையாக வைத்துப் போனார்கள் என்று, நான் பெரியவளான பிறகு சாச்சா சொன்னார். மற்றதை யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி, வெளியே போன என் வீட்டுக்காரர் நேரமாகியும் திரும்பாத ஒரு மழைநாளில், அடுப்பில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது தானாகவே நினைவு வந்தது. புருஷனை எங்கள் ஆட்களோடு கடலுக்கு அனுப்பிவிட்டு எனக்கு நாலு ரொட்டி வைத்தவள், காலையிலிருந்து ஒரு துண்டுகூடத் தன் வாயில் வைக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.